412 வட்டுகளும் ஒரு பழைய பிளேயரும்

வீடு மாற்றப் போகிறோம் என்று முடிவானதும் தங்கமணி போட்ட முதல் உத்தரவு: "அந்த மூணு அட்டைப்பெட்டியும் புது வீட்டுக்கு வரக்கூடாது."

எந்த மூன்று பெட்டி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் இல்லை. பரணில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் சினிமா வட்டுகள்தான். விசிடி, டிவிடி, உறை இல்லாதது, உறை மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமே இல்லாதது என்று எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 412.

பழைய பேப்பர் எடுப்பவரைக் கூப்பிட்டேன். பெங்களூரில் இந்தக் கடைகளுக்கு குஜிரி என்று பெயர். அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு வட்டை எடுத்து, வெயிலில் சாய்த்து வானவில் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டுவிட்டார். "பேடா சார். இத யாரும் எடுக்கறதில்ல. பேப்பர் இருந்தா கொடுங்க." அட்டைப்பெட்டிக்கு மட்டும் விலை சொன்னார். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டுமாம்!

ஒரு வட்டின் எடை 15, 16 கிராம் இருக்கும். 412 வட்டு என்றால் ஆறரைக் கிலோ. என் பெங்களூர் வாழ்க்கையின் முதல் பதினைந்து வருஷ சனிக்கிழமை ராத்திரிகளின் எடை ஆறரைக் கிலோ, விலை பூஜ்யம். விற்கவும் முடியாமல், யாருக்குக் கொடுப்பது என்றும் தெரியாமல் விழித்த அந்த ஒரு மாதத்தில் தேடிப் படித்ததையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன். ஊரை விட்டு வந்த நம்மில் நிறையப் பேர் வீட்டில் இதே பெட்டி இருக்கும் என்று எனக்குத் தெரியும் :-)

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

கோவில்பட்டியில் நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வீட்டில் சினிமா என்றால் "டெக்" வாடகைக்கு எடுப்பது. தெருவில் ஒரு கல்யாணம், காதுகுத்து என்றால் கலர் டிவியும் டெக்கும் நாலு கேசட்டும் சேர்ந்து ஒரு தட்டுவண்டியில் வரும். சாயங்காலம் ஆரம்பித்தால் விடிய விடிய ஓடும். நடுவில் படம் கோடு கோடாகப் போனால் கடைப்பையன் வந்து ஹெட்டைத் துடைத்துவிட்டுப் போவான். எங்கள் அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை. வாடகைக் கணக்கை அவர்தான் தெரு முழுக்கப் பிரித்து வசூல் செய்வார். சினிமா வீட்டுக்கு வருவது அப்போது ஒரு விருந்தாளி வருவது மாதிரி. காலையில் போய்விடும்.

அது வீட்டிலேயே தங்க ஆரம்பித்தது வட்டு வந்த பிறகுதான். 1982இல் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் கடைக்கு வந்தது. அது பாட்டுக்கு மட்டும். அதே அளவுத் தட்டில் படத்தையும் அடக்கலாம் என்று பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிதா ஆகிய கம்பெனிகள் சேர்ந்து 1993இல் விசிடிக்கு ஒரு விதிமுறை வகுத்தன. ஒரு தட்டில் 74 நிமிஷம். நம்ம படம் இரண்டரை மணி நேரம் என்பதால் இரண்டு தட்டு, சில படங்களுக்கு மூன்று. முதல் தட்டு முடிகிற இடம் சரியாக ஒரு பாட்டின் நடுவில்தான் வரும். டைரக்டர் வைத்த இடைவேளை ஒன்று, தட்டு மாற்றும் இடைவேளை ஒன்று. காபி போட எங்கள் வீட்டில் இரண்டாவதைத்தான் பயன்படுத்துவோம்.

அமெரிக்காவில் இந்த விசிடி போணியாகவில்லை. அங்கே கேசட்டிலிருந்து நேராக டிவிடிக்குப் போய்விட்டார்கள். டிவிடி 1996 கடைசியில் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் வந்தது. ஆனால் சீனா, ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, இந்தியா என்று ஆசியா முழுக்க விசிடிதான் ராஜா. காரணம் எளிது. நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு கேசட் டேப்பில் பூஞ்சை பிடிக்கும், ஓட ஓடத் தேயும். தட்டு தேயாது. அச்சடிக்கும் செலவும் குறைவு. மலிவான பிளேயர் போதும்.

நான் பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்தது 1999இல். வந்த புதிதில் சினிமாவுக்குக் கவலையே இல்லை. இது தமிழர்கள் 1800களின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர் பட்டாளத்தோடு வந்து குடியேறிய கண்டோன்மென்ட் இருக்கும் ஊர். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் ஆரம்பித்தது. அல்சூர் பக்கம் போனால் தமிழ்ப்படம் ஓடும் தியேட்டர் கட்டாயம் இருக்கும். ஞாயிறு மேட்னி, வெளியே வந்து பரோட்டா, பஸ் பிடித்து ரூமுக்குப் போனால் வாரம் முடிந்தது.

2000 ஜூலை 30ஆம் தேதி ராத்திரி கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். தாளவாடி பக்கம் காஜனூரில் இருக்கும் அவருடைய பண்ணை வீட்டிலிருந்து. அவர் பிறந்ததே அந்த ஊரில்தான், அதாவது தமிழ்நாட்டு எல்லைக்குள். 108 நாள் கழித்து நவம்பர் 15ஆம் தேதி விடுதலையானார். அந்த நாட்களில் பெங்களூரில் தமிழ்ப்படங்கள் தியேட்டரை விட்டு இறங்கிவிட்டன. கேபிளில் தமிழ் சேனல்கள் மறைந்துவிட்டன. அலுவலகத்தில் யாரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்சில் போகும்போது நாங்கள் ரூம்மேட்டுகள் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். 1991 டிசம்பரில் காவிரி விவகாரத்தில் இந்த ஊரில் தமிழர்கள் அடிபட்டதை நேரில் பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். "சாயங்காலம் சீக்கிரம் ரூமுக்கு வந்துடுங்க தம்பி" என்று அவர் சொன்ன தொனி இன்னமும் காதில் இருக்கிறது.

அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் நாங்கள் நாலு பேர் காசு போட்டு ஒரு விசிடி பிளேயர் வாங்கினோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் பையில் இரண்டு படம் கொண்டுவரச் சொல்வோம். ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். இன்றைக்கு நினைத்தால் கொஞ்சம் அதிகப்படியான பயம் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

பெட்டியில் எண் 1 என்று என் கையெழுத்தில் இருக்கும் வட்டு அந்த ஆகஸ்டில் வந்தது. இந்தத் தொகுப்பு ஆரம்பித்தது சினிமாப் பைத்தியத்தால் என்றுதான் இத்தனை நாள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எண் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் வேறு கதை தெரிந்தது. மொத்தமாக வாங்கிய மாதங்கள் எல்லாம் ஊரில் ஏதோ ஒரு பிரச்சினை நடந்த மாதங்கள்.

2004இல் இன்னொன்று வந்தது. வேற்றுமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழித்துத்தான் கர்நாடகத்தில் திரையிட வேண்டும் என்று கன்னடத் திரையுலகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இருக்கிற தியேட்டர்களில் தமிழும் தெலுங்கும் இந்தியும் வந்து உட்கார்ந்தால் கன்னடப் படத்துக்கு இடமெங்கே? ஆனால் ஏழு வாரம் பொறுக்கிற ஆளா நாம்? தீபாவளிப் படம் பொங்கலுக்கு முன்னால்தான் வரும் என்றால், நடுவில் இருக்கும் இடத்தை நிரப்ப மெஜஸ்டிக் பக்கத்துச் சந்துகளில் ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 412இல் 190 வட்டுகள் திருட்டு விசிடி. பாலித்தீன் உறை, மங்கலான கலர் ஜெராக்ஸ் அட்டை, படத்தின் நடுவில் எழுந்து பாத்ரூம் போகும் ஒருவரின் தலை. 30 ரூபாய்க்கு வாங்கினேன். 2004இல்தான் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். விற்பவன் ஜெயிலுக்குப் போனான், வாங்கிய நான் ஆபீசுக்குப் போனேன். "இங்கே வேறு வழியில்லையே" என்பது அப்போது எனக்குச் சொல்ல வசதியாக இருந்தது. பாதி உண்மை. ஏழு வாரம் கழித்துப் படம் தியேட்டருக்கு வந்தபோதும் நான் போகவில்லை என்பது மீதி உண்மை.

அந்தப் பழக்கத்திலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தது போலீஸ் இல்லை, விலை. டெல்லியைச் சேர்ந்த மோசர் பேர் என்ற கம்பெனி 1983இல் ஆரம்பித்தது. நேரம் பதியும் கருவியில் தொடங்கி, ஃபிளாப்பி, வெற்று சிடி என்று வளர்ந்து, வெற்றுத் தட்டு தயாரிப்பில் உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக ஆனது. தட்டு அச்சடிக்கத் தெரிந்தவன் படத்தையும் சேர்த்து அச்சடித்தால் என்ன என்று யோசித்தார்கள். படங்களின் வீட்டு வீடியோ உரிமையை மொத்தமாக வாங்கி, 2007வாக்கில் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று கொண்டுவந்தார்கள். அதுவரை நூறு ரூபாய்க்கு மேல் இருந்த அசல் திடீரென்று திருட்டு விலைக்கு வந்துவிட்டது! மளிகைக்கடையில் சோப்பு பக்கத்தில் சிவாஜி படம் தொங்கியது.

எங்கள் வீட்டு அசல் வட்டுகள் 173இல் பாதிக்கு மேல் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் வாங்கியவை. மகளுக்கு அப்போது மூன்று நாலு வயசு. பள்ளியில் ஆங்கிலம், கீழ்வீட்டில் கன்னடம், வேலைக்கார அம்மாவிடம் தெலுங்கு. தமிழ் எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்து மட்டும்தான். அதுவும் "சாப்பிட்டியா, தூங்கு, ஹோம்வொர்க் முடிச்சியா" என்ற அளவுக்குத்தான். அவள் கேலி, கோபம், கெஞ்சல் எல்லாம் தமிழில் கற்றுக்கொண்டது கருப்பு வெள்ளைப் படங்களின் காமெடிக் காட்சிகளிலிருந்து. ஒரு நாள் கோவில்பட்டியில் என் அம்மாவிடம் அவள் நாகேஷ் மாதிரி ஒரு பதில் சொன்னபோது அம்மா சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் நம்மவர்கள் வீட்டில் ஐங்கரன் டிவிடி செய்த வேலையை எங்கள் வீட்டில் 34 ரூபாய் டிவிடி செய்தது.

பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் தன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் தியேட்டருக்குப் போகாமல் நேராக டிவிடியில், வீட்டுக்கு வீடு என்று 50 ரூபாய்க்குக் கொண்டுவந்தார். நல்ல யோசனை, காலம்தான் தவறிவிட்டது. அடுத்த வருஷம் 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, டிசம்பரில் அமேசான் பிரைம். 2016 செப்டம்பரில் காவிரிக்காக பெங்களூர் மறுபடி எரிந்தபோது கேபிளில் தமிழ் சேனல் நின்றது. எங்கள் வீட்டில் யாரும் பரணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் கையில் போன் இருந்தது. மோசர் பேர் கடனில் மூழ்கி 2018இல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. தபாலில் டிவிடி அனுப்பி ஆரம்பித்த நெட்ஃபிளிக்ஸே அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் கடைசி வட்டை அனுப்பி அந்தக் கடையைச் சாத்தியது.

சரி, கொசுவத்தி போதும். பெட்டிக்கு வருவோம்.

விற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெங்களூரில் பழைய புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. அவென்யூ ரோடு முழுக்கப் பழைய பாடப்புத்தகம், சர்ச் ஸ்ட்ரீட் முழுக்கப் பழைய நாவல். பழைய வட்டுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு தெரு உருவாகவில்லை என்று தேடினேன். ஆள் வாங்காதது ஒரு காரணம். சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. (நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.)

நம் காப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. அதில் புத்தகத்துக்கு, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதியை விற்பதில் எழுத்தாளரோ பதிப்பாளரோ தலையிட முடியாது. அதனால் அவென்யூ ரோடு நிம்மதியாக நடக்கிறது. சினிமாவுக்கு மட்டும், பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் சரி, மறுபடி விற்கும் உரிமையும் வாடகைக்கு விடும் உரிமையும் படத்தின் உரிமையாளருக்கே என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாடகைக் கடைக்கு எதிராக வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. அந்தக் கடைக்காரர் அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கிய அசல் டிவிடிகளை இங்கே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் கடைக்காரருக்குத் தடை விதித்தது. காசு கொடுத்து வாங்கியது என்ற வாதம் எடுபடவில்லை. அதே அமெரிக்காவில், ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய வட்டை நீங்கள் விற்கலாம், நூலகத்துக்குத் தரலாம். கேட்பாரில்லை.

2012இல் நம் சட்டத்தைத் திருத்தினார்கள். "முன்பே விற்கப்பட்டிருந்தாலும்" என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். வாடகை என்பதை வணிக வாடகை என்று மாற்றி, லாப நோக்கமில்லாத நூலகமும் கல்வி நிறுவனமும் இரவல் கொடுப்பது அதில் சேராது என்றும் சேர்த்தார்கள். கதவு திறந்தது. ஆனால் திறந்த நேரத்தில் வாங்க வருகிற கூட்டம் கலைந்து போயிருந்தது. சும்மா கொடுக்கிறேன் என்று நான் கேட்டுப் பார்த்த ஒரு நூலகத்தில் மரியாதையாகச் சொன்னார்கள்: "சார், எங்ககிட்ட இருக்கற பிளேயரே ரிப்பேர்."

அதனால் 412ஐயும் மூன்று குவியலாகப் பிரித்தேன். இதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை என்று இப்போது சொல்வேன்.

முதல் குவியல், அந்த 190 திருட்டு வட்டுகள். இவற்றை விற்கக்கூடாது, தானமும் செய்யக்கூடாது. திருடிய பொருளைக் கோயில் உண்டியலில் போட்டாலும் அது திருட்டுதான். வாங்கிக்கொள்கிற சங்கத்துக்கோ இல்லத்துக்கோ நாம் தலைவலியைத்தான் கொடுக்கிறோம். வட்டு பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், மேலே மெல்லிசாக அலுமினியப் பூச்சு. எரித்தால் மூச்சுக்கு ஆகாது, மண்ணில் மட்காது. நாட்டிலேயே முதலில் அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு ஆலை 2005இல் பெங்களூர் பக்கத்தில் டாபஸ்பேட்டையில்தான் வந்தது. அதனால் இந்த ஊரில் மின்கழிவு எடுக்க வருபவர்கள் நமக்குப் புதிதில்லை. எங்கள் அடுக்ககத்தில் மின்கழிவு எடுக்கும் நாளில், வட்டையும் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு, குறுக்கே ஆழமாகக் கீறிக் கொடுத்தேன். கீறும்போது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

இரண்டாவது, 173 அசல். இதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது குவியல்தான் என்னைக் கவிழ்த்தது. 49 வட்டுகள். கல்யாணம், வளைகாப்பு, மகளின் முதல் பிறந்தநாள், அப்பாவின் மணிவிழா. சினிமா உறைகளுக்கு நடுவே கலந்து கிடந்தன. எண்ணாமல் அப்படியே பெட்டியோடு கொடுத்திருந்தால் இவையும் சேர்ந்து போயிருக்கும்.

அப்பாவின் மணிவிழா 2002இல் கோவில்பட்டியில் நடந்தது. ஸ்டூடியோக்காரர் இரண்டு விசிடியாகப் போட்டு, மேலே அப்பா அம்மா போட்டோ அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். முதல் தட்டில் ஹோமம், தாலி, ஆசீர்வாதம். இரண்டாவதில் சாயங்காலம் நடந்த சின்னக் கூட்டம். அதில் அப்பா எழுந்து நின்று நாலு நிமிஷம் பேசினார். அவர் மைக்கில் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரே முறை. 2009இல் அப்பா போய்விட்டார். அவர் குரல் இருக்கும் ஒரே இடம் அந்த இரண்டாவது தட்டு.

முதல் தட்டு ஓடியது. இரண்டாவது ஓடவில்லை. லேப்டாப்பில் டிரைவே இல்லாததால் வெளியே மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கிப் போட்டேன். சுற்றியது, முனகியது, நின்றுவிட்டது. நண்பர்களிடம் வாங்கி இன்னும் இரண்டு டிரைவில் போட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஸ்டிக்கரின் ஓரத்தில் பூச்சு உரிந்து ஊசித்துளை ஊசித்துளையாக வெளிச்சம் தெரிந்தது.

கடையில் வாங்கும் சினிமா வட்டில் படம் அச்சிலேயே குழியாகப் பதிந்திருக்கும். ஸ்டூடியோவில் எழுதும் வட்டில் குழி கிடையாது. ஒரு சாயப்பூச்சு இருக்கும், லேசர் அதைச் சுட்டு எழுதும். அந்தச் சாயம் வெயில், ஈரம், வருஷம் எல்லாவற்றுக்கும் பயப்படும். அதோடு, நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பளபளப்புப் பக்கத்தில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்ய வழி உண்டு. சிடியில் உண்மையில் மென்மையான பக்கம் எழுத்து இருக்கும் மேல்பக்கம். பூச்சு அங்கேதான், ஒரு மெல்லிய அரக்குக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் நாம் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், பால்பாயின்ட் பேனாவால் எழுதுகிறோம். 34 ரூபாய்க்கு வாங்கிய படம் இன்னும் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, அப்பா பேசியது ஓடவில்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் தங்கமணிதான் கேட்டாள்: "ஆறு செட்டு போட்டு சொந்தக்காரங்களுக்கெல்லாம் கொடுத்தீங்களே, அவங்ககிட்ட கேட்டீங்களா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. வரிசையாகப் போன் போட்டேன். ஒருவர் வீடு மாற்றும்போது தூக்கிப் போட்டுவிட்டார். ஒருவரிடம் உறை மட்டும் இருந்தது. சாத்தூரில் இருக்கும் அத்தையிடம் கடைசியாகக் கேட்டேன்.

"எய்யா, எங்க அண்ணன் பேசுனத நான் தூக்கி எறிவேனா? பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில வச்சிருக்கேன்."

அடுத்த வாரமே ரயிலேறிப் போனேன். துணிக்கு நடுவே இருட்டில், ஈரம் படாமல், ஸ்டிக்கர் ஒட்டாத தட்டு. அத்தைக்குக் கொடுக்கும்போது ஸ்டிக்கர் தீர்ந்து போனதால் வெறும் உறையில் போட்டுக் கொடுத்திருந்தோம். அத்தைக்கு அதில் அப்போது மனத்தாங்கல்கூட இருந்தது. அந்தத் தட்டு முதல் முயற்சியிலேயே ஓடியது. அப்பா எழுந்து, மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, சமையல்காரருக்கு நன்றி சொல்லி ஆரம்பித்தார். கணக்குப்பிள்ளை இல்லையா, எத்தனை இலை போட்டார்கள் என்ற கணக்கையும் சொன்னார். அத்தையும் நானும் அதை மூன்று முறை பார்த்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பத்திரமாக வைத்திருந்தது போய்விட்டது, கொடுத்தது மிஞ்சியது. சினிமாவின் பெரிய கதையும் இதுதான். தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் சொல்லும் 1931 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அதே காலத்து மலையாள மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா' 1933இல் வந்தது. கதை உரிமைத் தகராறில் படம் முடங்கி, அதன் பிரதி கமலாலயா என்ற புத்தகக் கடையில் போய்த் தங்கிவிட்டது. அதனாலேயே அது பிழைத்து, பிற்காலத்தில் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பிரதியை நம்பவே கூடாது.

49 வட்டில் 41ஐ நகலெடுத்துவிட்டேன். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று என்னிடம், ஒன்று அத்தை பீரோவில் அதே சேலைக்கு அடியில் :-) மணிவிழா பேச்சை மட்டும் தனியாக வெட்டி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். மீதி எட்டும் போனது போனதுதான்.

இனி அந்த 173 அசல். எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுக் கன்னடக்கார மாமா ஒருவர், மைத்துனருக்குத் தெரிந்த ஒரு முதியோர் இல்லத்தைச் சொன்னார். ஊருக்கு வெளியே, இணையம் அரைகுறை. அங்கே இருப்பவர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு, கன்னடம் பேசுபவர்களும் உண்டு. போன் செய்து கேட்டேன். "டிவி இருக்கு, சிடி பிளேயர் இல்ல" என்றார்கள். இதுதான் எல்லோரும் தவறவிடுகிற இடம். வட்டை மட்டும் கொடுத்தால் அது குப்பையை இடம் மாற்றுவதுதான். எங்கள் பழைய டிவிடி பிளேயரை எடுத்து, தூசி துடைத்து, ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, சிவப்பு வெள்ளை மஞ்சள் ஒயரைச் சேர்த்து, அவர்கள் டிவியில் அந்த ஓட்டைகள் இருக்கின்றனவா என்று போட்டோ கேட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனேன். ஒவ்வொரு வட்டையும் ஓட்டிப் பார்த்ததில் ஓடாத 22ஐக் கழித்துவிட்டேன். 151 கொடுத்தேன். உறைமேல் பெரிய எழுத்தில் படப்பெயர் எழுதி ஒட்டினாள் மகள். தமிழிலும், மாமா உதவியோடு கன்னடத்திலும்.

மாமா தன் பங்குக்கு ராஜ்குமார் படம் ஏழெட்டு கொடுத்தார். அதில் 1972இல் வந்த 'பங்காரத மனுஷ்யா'வும் இருந்தது. பெட்டியில் எங்கள் வட்டு எண் 1க்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. 2000 ஆகஸ்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்த படம், யாருக்காக ஊரே தவித்ததோ அவர் படத்துக்குப் பக்கத்தில். மாமாவிடம் அந்த ஜன்னல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்க வீட்டுக்கு வந்திருக்கலாமே" என்றார். அப்போது எங்களுக்கு அவரைத் தெரியாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிவிடிக்கு வட்டார எண் உண்டு. அமெரிக்கா, கனடா 1, பிரிட்டன் 2, சிங்கப்பூர், மலேசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. அங்கே வாங்கியதை இங்கே கொடுப்பதாக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். விசிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டு வட்டுகளை நகலெடுக்க விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டூடியோவில் எழுதி வாங்கியவை இருபது வயதைத் தாண்டியிருந்தால் இந்த வார இறுதியிலேயே போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால் தூக்கிப் போடுவதற்கு முன்னால், அந்த விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு ஒரு போன்.

புது வீட்டுக்கு வந்தாயிற்று. பரண் காலி. தங்கமணிக்கு நிம்மதி. போன வாரம் இல்லத்திலிருந்து ஒரு பாட்டி, எங்கள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், போனில் பேசினார். ஒரு படத்தின் இரண்டாவது தட்டு உறையில் இல்லையாம், கதை பாதியில் நிற்கிறதாம்.

"முடிவு என்னய்யா? நீயாவது சொல்லு."

சொன்னேன். இருபது நிமிஷம் ஆனது.